ஆஸ்திரேலியால யூத் வொர்க் படிக்கணுமா? முதல்ல பிளேஸ்மென்ட் பத்தி கேளுங்க

திருச்சில பி.எஸ்.டபிள்யூ (சோஷியல் வொர்க் டிகிரி) முடிச்சுட்டு, ஒரு என்.ஜி.ஓ.ல படிப்ப பாதில விட்ட பசங்களோட வேலை பாக்குற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. மெல்போர்ன்ல யூத் வொர்க் (டீனேஜ் பசங்க, இளைஞர்களோட பழகி துணையா நிக்கற வேலை), கம்யூனிட்டி டெவலப்மென்ட் மாதிரி கோர்ஸ் படிக்க ஆசை, சோஷியல் வொர்க்கும் இதுவும் ஒண்ணா, ஏஜென்ட் "ஈஸியா பி.ஆர். கிடைச்சிடும்"ங்கறாரு (பி.ஆர்.னா ஆஸ்திரேலியால நிரந்தரமா தங்கற உரிமை), நம்பலாமா, என் இங்கிலீஷ் தாங்குமா, வீட்ல இவ்ளோ செலவு பண்ண சொல்லலாமானு. நான் மெல்போர்ன் மேற்கு பக்கம் இந்த ஃபீல்டுலதான் ரொம்ப நாளா இருக்கேன், பிளேஸ்மென்ட்டுக்கு, அதாவது படிப்போட பாகமா ஒரு அமைப்புல வேலை பாத்து கத்துக்கற களப் பயிற்சிக்கு (நம்ம ஊர் கேம்பஸ் பிளேஸ்மென்ட் இல்ல), வர்ற பிள்ளைங்களுக்கு சூப்பர்வைசராவும் இருந்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். இந்த வேலை மேல நெசமாவே ஆசை இருந்தா இது அருமையான படிப்பு. பி.ஆர்.தான் குறி, படிப்பு சும்மா ஒரு வழினா தயவுசெஞ்சு வேற ஏதாவது பாருங்க, ஏன்னா இந்த கோர்ஸ்ல கிளாஸ்ரூம்ல உக்காந்து பாஸ் பண்றது பாதிதான், மீதி பாதி பிளேஸ்மென்ட், அங்க ஆர்வம் இல்லாம ஒருத்தர் நின்னா பதினாலு வயசு பையன் பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான்.

சோஷியல் வொர்க்கும் இதுவும் பக்கத்து பக்கத்து வீடு, ஆனா ஒண்ணு இல்ல. சோஷியல் வொர்க் டிகிரிக்கு ஏ.ஏ.எஸ்.டபிள்யூ.னு ஒரு அமைப்பு அங்கீகாரம் கொடுக்குது, அதுல 1,000 மணி நேரம் பிளேஸ்மென்ட். யூத் வொர்க், கம்யூனிட்டி வொர்க்குக்கு ஏ.சி.டபிள்யூ.ஏ., அதாவது ஆஸ்திரேலியன் கம்யூனிட்டி வொர்க்கர்ஸ் அசோசியேஷன், அவங்க அங்கீகாரம் இருக்கற கோர்ஸ்ல 400 மணி நேரத்துக்கு குறையாம பிளேஸ்மென்ட் இருக்கும். மணி நேரக் கணக்கு கிடக்கட்டும், அடிப்படையே வேற. குழந்தைகள் பாதுகாப்புல இருக்கற சோஷியல் வொர்க்கர் ஒரு வீட்டுக்கு போறாங்கனா சட்டம் பின்னாடி நிக்குது, அந்த வீட்ல வேணாம்னு சொல்லி சுலபமா தட்டிக்கழிக்க முடியாது. யூத் வொர்க்கர்கிட்ட வர்ற பையன் அவனா இஷ்டப்பட்டு வர்றான், பிடிக்கலைனா எந்திரிச்சு போயிடுவான், நாம ஒண்ணும் பண்ண முடியாது. இங்க தொழில் நெறில முக்கியமான விஷயமே, அந்த இளம் வயசுக்காரங்கதான் நமக்கு முதன்மை, அவங்க அப்பா அம்மாவோ ஸ்கூலோ போலீஸோ கிடையாதுங்கறதுதான். நம்ம ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு இது மண்டைல ஏறவே ஒரு செமஸ்டர் ஆகும். அம்மா போன் பண்ணி "பையன் உங்ககிட்ட என்ன சொன்னான்"னு கேட்டா, அவன் சம்மதம் இல்லாம சொல்ல மாட்டீங்க. உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்தறாங்கனா மட்டும் கதை வேற, அப்ப ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், அது எப்போ எப்படிங்கறதும் கோர்ஸ்லயே சொல்லித் தருவாங்க.

கம்யூனிட்டி டெவலப்மென்ட்ங்கறது இன்னும் விரிஞ்சது. விக்டோரியால மட்டும் 400-க்கு பக்கமா நெய்பர்ஹுட் ஹவுஸ்னு இருக்கு, அக்கம்பக்கத்து ஜனங்க கூடி இங்கிலீஷ் கிளாஸ், தோட்டம், பிளேகுரூப், இலவச சாப்பாடுனு நடத்தற இடம். அது போக ஒவ்வொரு கவுன்சில்லயும் யூத் சர்வீஸ், அகதியா வந்த குடும்பங்களோட பிள்ளைங்களுக்காக தனி அமைப்புகள், 2006ல ஆரம்பிச்ச ஹெட்ஸ்பேஸ் மாதிரி மனநல சென்டருங்க, இப்படி வேலை பல பக்கம் இருக்கு. டான்டினாங் பக்கம் ஈழத்துல இருந்து வந்த நம்ம ஆளுங்க நெறைய, அங்க தமிழ் பேசற யூத் வொர்க்கர்னா தனி மதிப்புதான், ஆனா அதையே நம்பி வராதீங்க, நீங்க வேலை பாக்கப்போற பசங்கள்ல முக்காவாசி பேரு வேற வேற ஊர்க்காரங்களா இருப்பாங்க.

எங்க படிக்கறதுனு கேட்டா, மெல்போர்ன்ல விக்டோரியா யூனிவர்சிட்டி, ஆர்.எம்.ஐ.டி., பெர்த்ல ஈடித் கோவன், இவங்க எல்லாம் இந்த ஃபீல்டுல பழைய பேருங்க. கோர்ஸ் பேரு, கேம்பஸ் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாத்துவாங்க, அதனால ரெண்டே ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, அந்த கோர்ஸ் கிரிகோஸ்ல, அதாவது வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ சேக்கலாம்னு அரசாங்கம் வெச்சிருக்கற கோர்ஸ் பட்டியல்ல, பதிவாகி இருக்கணும், அது இல்லாத கோர்ஸுக்கு ஸ்டூடன்ட் விசா கிடையாது. ரெண்டு, ஏ.சி.டபிள்யூ.ஏ. அங்கீகாரப் பட்டியல்ல இருக்கா. "இன்டர்நேஷனல் டெவலப்மென்ட்", "டெவலப்மென்ட் ஸ்டடீஸ்"னு பேரு வெச்ச மாஸ்டர்ஸ் நெறைய இருக்கும், அழகா இருக்கும், ஆனா சில கோர்ஸ்ல பிளேஸ்மென்ட்டே இருக்காது, படிச்சு முடிச்சு ஒரு யூத் சென்டர்ல வேலைக்கு போனா "நீ பசங்களோட வேலை பாத்திருக்கியா"னு கேப்பாங்க, முழிக்கணும். உங்ககிட்ட ஏற்கெனவே பி.எஸ்.டபிள்யூ இருக்கறதால மறுபடி மூணு வருஷ பேச்சுலர் போடணுமானு யோசிப்பீங்க, நியாயம்தான். திருச்சில படிச்ச பாடத்துக்கு எத்தனை யூனிட் கிரெடிட் தருவீங்கனு மார்க்‌ஷீட், சிலபஸ் ரெண்டையும் அனுப்பி கேளுங்க. ஒரு வருஷம் கொறைஞ்சா லட்சக்கணக்குல மிச்சம்.

இப்ப கிளாஸ். வளர்ச்சி உளவியல், சமூகக் கொள்கை, தொழில் நெறி, குழு வேலை இதெல்லாம் எங்கயும் இருக்கறதுதான். நமக்கு புதுசா இருக்கறது ரெண்டு. ஒண்ணு பூர்வகுடி வரலாறு. 1997ல வந்த ‘பிரிங்கிங் தெம் ஹோம்' அறிக்கை, குடும்பத்துல இருந்து அரசாங்கமே பிரிச்சு எடுத்துட்டுப் போன குழந்தைங்க பத்தினது, அதுக்கு 2008 பிப்ரவரி 13 அன்னிக்கு பிரதமர் கெவின் ரட் பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டார். ஏதோ பழைய கதைனு படிச்சு பரீட்சை எழுதிட்டு போற விஷயம் இல்ல இது, "வெல்ஃபேர்"ங்கற வார்த்தைய கேட்டாலே பயப்படற பாட்டிங்க இன்னிக்கும் இருக்காங்க, நீங்க கழுத்துல ஐ.டி. கார்டு மாட்டிட்டு போய் நின்னா அவங்க ஏன் கதவ தொறக்க மாட்டேங்கறாங்கனு அப்பதான் புரியும்.

இன்னொண்ணு, ‘பங்கேற்பு'. ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992ல யூனிசெஃபுக்காக எழுதினதுல எட்டு படி ஏணி ஒண்ணு போட்டிருப்பார், கீழ் மூணு படி பங்கேற்பே கிடையாது, ஏமாத்து வேலை, அலங்காரம், பேருக்கு உக்கார வைக்கறதுனு. நம்ம ஊர்ல அமைச்சர் வர்றாருனு ஸ்கூல் பிள்ளைங்கள வெயில்ல நிறுத்தி பிளக்கார்டு கொடுப்போமே, அது சுத்தமா ரெண்டாவது படி. கிளாஸ்ல இத படிக்கறப்ப சிரிப்பு வரும், அப்புறம் நம்ம என்.ஜி.ஓ.ல ‘குழந்தைகள் நாடாளுமன்றம்'னு நடத்தினோமே அதுல தீர்மானத்த யாரு எழுதினாங்கனு யோசிச்சா சிரிப்பு நின்னுடும். இந்த மாதிரி உங்க அனுபவத்த வெச்சு எழுதினாதான் இங்க மார்க். அசைன்மென்ட் நெறைய ‘ரிஃப்ளெக்டிவ் ரைட்டிங்'கா இருக்கும், நான் என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன், எனக்குள்ள என்ன முன்முடிவு இருந்துச்சுனு. நம்ம பிள்ளைங்க தியரிய பக்கம் பக்கமா எழுதுவாங்க, ‘நான்'னு ஒரு வரி எழுத கூச்சப்படுவாங்க. உங்களுக்கு ஃபீல்டு அனுபவம் இருக்கு, இதுல நீங்க மத்தவங்கள விட முன்னாடி நிப்பீங்க.

சரி, பிளேஸ்மென்ட். இங்கதான் கொஞ்சம் நிறுத்தி பேசணும்.

ஒரு கவுன்சில் யூத் சென்டர், சாயங்காலம் மூணரை மணி, ஸ்கூல் விட்டு பசங்க வர்றாங்க. ஒரு பூல் டேபிள், கிழிஞ்ச சோஃபா, மூலைல டோஸ்டி மெஷின். பிளேஸ்மென்ட்டுக்கு வந்த புது ஸ்டூடன்ட் கைல நோட்டு பேனாவோட நிப்பாங்க, எல்லாருமே நிப்பாங்க, இந்த ஊர் பிள்ளைங்களும்தான். நாங்க சொல்ற முதல் விஷயம், நோட்ட உள்ள வெச்சுட்டு சீஸ் டோஸ்ட் போடுங்க. ஹூடிய மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுட்டு ஒரு பையன் உக்காந்திருப்பான், எப்டி இருக்கனு கேட்டா "யா, குட்". அவ்ளோதான். அடுத்த வாரமும் "யா, குட்". அவன் பக்கத்துல நின்னு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே ஃபுட்டி (இந்த ஊர் ஃபுட்பால்) மேட்ச் பத்தி ஏதோ உளறணும், மூணாவது நாலாவது வாரம் ரொட்டிய பாத்துக்கிட்டே, நம்ம மூஞ்சிய பாக்காம, "நேத்து வீட்டுக்கு போகல"ம்பான். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தன ரொட்டியும். அப்ப "ஏன் போகல, அம்மா தேடுவாங்கல்ல"னு நம்ம ஊர் டியூஷன் சார் மாதிரி ஆரம்பிச்சா முடிஞ்சது, மறுபடி "யா, குட்"தான். "எங்க தூங்கின?"னு மட்டும் கேட்டா போதும்.

அப்புறம் அன்னிக்கு ராத்திரி கேஸ் நோட் எழுதணும். புதுசா வர்றவங்க ‘கிளையன்ட் கோவமா இருந்தார்'னு எழுதுவாங்க. நான் திருப்பி அனுப்புவேன். நாற்காலிய ஒரு தடவ உதைச்சான், குரல் உயர்ந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல வெளிய போனான், இதான் நோட். கோவம்ங்கறது உங்க ஊகம். அந்த நோட்டு நாளைக்கு கோர்ட்டுக்கு போகலாம், பத்து வருஷம் கழிச்சு அந்தப் பையனே தன் ஃபைல கேட்டு வாங்கி படிக்கலாம், சட்டப்படி கேக்க முடியும். அவன் படிக்கறப்ப என்ன இருக்கணுமோ அதத்தான் எழுதணும்.

எல்லைகள் விஷயம் நம்ம ஆளுங்களுக்கு இன்னும் கஷ்டம். அங்க நீங்க ‘அக்கா'. பசிக்குதுன்னா வீட்டுக்கு கூட்டிட்டு போய் சோறு போட்டிருப்பீங்க, பஸ்ஸுக்கு காசு கொடுத்திருப்பீங்க, அவன் கல்யாணத்துக்கு போவீங்க. இங்க சொந்த போன் நம்பர் கொடுக்கக் கூடாது, இன்ஸ்டாகிராம்ல சேத்துக்கக் கூடாது, தனியா உங்க கார்ல ஏத்தக் கூடாது, வீட்டுக்கு கூப்பிடறது பேச்சுக்கே இடமில்ல. மொதல்ல கல்நெஞ்சம் மாதிரி தெரியும். 2013ல இருந்து 2017 வரைக்கும் ஒரு ராயல் கமிஷன் நடந்துச்சு, சர்ச், ஸ்கூல், ஹோம்னு நிறுவனங்கள்ல குழந்தைங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகள் பத்தி, ‘பாசமா பழகினவர்'ங்கற பேர்லதான் நெறைய நடந்திருக்கு. அத படிச்சா இந்த ரூல் எல்லாம் ஏன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், நம்ம அக்கா தம்பி பாசத்துல இருக்கற அந்த நிதானமான அக்கறை இங்க நெறைய பேருக்கு வராது, அத விட்டுடாதீங்க, ரூலுக்குள்ள வெச்சு காட்ட கத்துக்கங்க.

பிளேஸ்மென்ட்டுக்கு முன்னாடி பேப்பர் வேலை இருக்கு. இந்தியால இருந்து பாஸ்போர்ட் ஆபீஸ் பி.சி.சி. (உங்க மேல போலீஸ் கேஸ் இல்லனு தர்ற சர்டிஃபிகேட்) வாங்கிட்டு வந்துடுங்க, இங்க போலீஸ் செக் தனியா. ‘வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' கட்டாயம், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் பேரு வேற, குயின்ஸ்லாந்துல ப்ளூ கார்டு, வட பிரதேசத்துல (நார்தர்ன் டெரிட்டரி) ஓக்கர் கார்டும்பாங்க. டிரைவிங் லைசென்ஸ் பத்தி எந்த பிரோஷர்லயும் இருக்காது, ஆனா வேலை விளம்பரத்துல முக்காவாசி கடைசி வரி அதான். திருச்சில ஸ்கூட்டி மட்டும் ஓட்டறீங்கனா வர்றதுக்கு முன்னாடியே கார் கத்துக்கங்க.

பணம். ஃபீஸ் வருஷத்துக்கு சுமாரா 30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேலனு வெச்சுக்கங்க, யூனிவர்சிட்டி பொறுத்து கூடும் கொறையும். விசாவுக்கு ஃபீஸ் போக ஒரு வருஷ வாழ்க்கைச் செலவுனு 29,710 டாலர் காட்டணும், 2024 மே மாசத்துல இருந்து இந்தக் கணக்கு, நம்ம காசுல 17, 18 லட்சத்துக்கு மேல. விசா கட்டணமே 2025 ஜூலைல இருந்து 2,000 டாலர், ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. செமஸ்டர் நடக்கறப்ப ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பாக்கலாம். கோர்ஸ்ல கட்டாயமா பதிவான பிளேஸ்மென்ட் அந்த 48ல சேராது, அது நல்ல செய்தி. கெட்ட செய்தி, அந்த பிளேஸ்மென்ட்டுக்கு பெரும்பாலும் சம்பளம் கிடையாது, வாரத்துல மூணு நாலு நாள் முழுசா போயிடும், மிச்ச நாள்ல கிளாஸ், அப்ப வாடகைக்கு எப்ப சம்பாதிக்கறது? 2025 ஜூலைல அரசாங்கம் பிளேஸ்மென்ட்டுக்கு உதவித்தொகை கொண்டு வந்தது டீச்சிங், நர்சிங், மிட்வைஃப், சோஷியல் வொர்க் படிக்கற உள்ளூர் பிள்ளைங்களுக்கு, அதுல யூத் வொர்க்கும் இல்ல, நாமளும் இல்ல. அதனால பிளேஸ்மென்ட் வர்ற செமஸ்டருக்குனு மூணு நாலு மாச வாடகை, சாப்பாட்டுக் காசு முன்னாடியே ஒதுக்கி வெக்கணும், இத யாரும் சொல்றதே இல்ல, அந்த நேரத்துல ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு காலைல பிளேஸ்மென்ட்ல தூங்கி வழியற பிள்ளைங்கள பாத்தா பாவமா இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு துணையா இருக்கற என்.டி.ஐ.எஸ். சப்போர்ட் வேலை நெறைய ஸ்டூடன்ட்ஸ் பண்றாங்க, அதுக்கு தனி ஸ்கிரீனிங் செக் வேணும், கடைல பில் போடறத விட சம்பளமும் பரவால்ல, ரெஸ்யூமேலயும் நிக்கும்.

இப்ப ஏஜென்ட் சொன்ன ‘ஈஸி பி.ஆர்.' யூத் வொர்க்கர்னு ஒரு தொழில் கோடு இருக்கு, 411716, அதுக்கு ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட் பண்றது மேல சொன்ன ஏ.சி.டபிள்யூ.ஏ.தான், அது வரைக்கும் அவர் சொல்றது சரி. ஆனா ஸ்பான்சர் தேவையில்லாத 189 விசாவுக்கு இந்த வேலை கிடையாது, சோஷியல் வொர்க்கருக்கு உண்டு. யூத் வொர்க்கர் ஸ்டேட் நாமினேஷனுக்கோ (ஒரு மாநில அரசாங்கம் நம்ம பேர பரிந்துரைக்கறது), ஸ்பான்சர் பண்ற வேலை கொடுக்கறவங்களுக்கோ காத்திருக்கணும், ஸ்டேட் பட்டியல் வருஷா வருஷம் மாறும். மூணு வருஷம் கழிச்சு பட்டியல்ல என்ன இருக்கும்னு இன்னிக்கு உத்தரவாதம் கொடுக்கறவர் ஜோசியரா இருக்கணும். படிச்சு முடிச்சதும் 485 விசால தங்கலாம், பேச்சுலருக்கு ரெண்டு வருஷம், இந்திய பாஸ்போர்ட்டுக்கு மாஸ்டர்ஸ் முடிச்சா மூணு வருஷம் வரைக்கும், 2024 ஜூலைல இருந்து வயசு வரம்பு 35. உங்களுக்கு வயசு பிரச்சனை இல்ல. வேலை கிடைக்குமானா கிடைக்கும், ஆள் பத்தாத ஃபீல்டுதான், ஆனா பாதி வேலை கிரான்ட்ல ஓடறது, ஒரு வருஷ கான்ட்ராக்ட், ஃபண்டிங் நின்னா வேலையும் நிக்கும். ஸ்பான்சர் தேடறவங்களுக்கு அதான் பெரிய தலைவலி.

இங்கிலீஷ்: விசாவுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.0, யூனிவர்சிட்டி அதுக்கு மேல கேக்கலாம். மார்க் வாங்கிடுவீங்க. பசங்க பேசறது புரியறதுதான் விஷயம், பாதி வார்த்தைய முழுங்கிட்டு பேசுவாங்க, சமோவா பையன் ஒரு மாதிரி, தெற்கு சூடான் பொண்ணு ஒரு மாதிரி. புரியலைனா "புரியல, இன்னொரு வாட்டி சொல்லு"னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க, நீங்களும் வெளியூர்னு தெரிஞ்சா அவங்களே சொல்லிக் கொடுப்பாங்க, அதுவே ஒரு உறவாயிடும். புரிஞ்ச மாதிரி தலையாட்டறதுதான் ஆபத்து.

இன்னொண்ணு மனசுல வெச்சுக்கங்க, இந்த ஊர்ல சிறார் குற்றம் பெரிய அரசியல். தலைநகர் கான்பெரா இருக்கற ஏ.சி.டி.ல குற்றப் பொறுப்பு வயச, அதாவது எந்த வயசுல இருந்து ஒரு பிள்ளை மேல குற்ற வழக்கு போடலாம்ங்கறத, 2025ல 14 ஆக்கினாங்க, வட பிரதேசத்துல 12 ஆக்கிட்டு 2024ல மறுபடி 10க்கே இறக்கினாங்க, அதே வருஷம் டிசம்பர்ல குயின்ஸ்லாந்து பெரியவங்களுக்கான தண்டனைய சிறார்களுக்கும் கொடுக்கற சட்டம் போட்டாங்க. நீங்க கூட உக்காந்து டோஸ்ட் சாப்பிட்ட பசங்களப் பத்தித்தான் டிவில கத்திக்கிட்டு இருப்பாங்க. எனக்கு இதுல தெளிவான நிலைப்பாடு உண்டு, பத்து வயசு பையன ஜெயில்ல போட்டு யாரும் எதையும் சரி பண்ணினதில்ல.

வீட்ல பணம் புரட்டறது கஷ்டம்னா, ஸ்ரீபெரும்புதூர்ல ஆர்.ஜி.என்.ஐ.ஒய்.டி. இருக்கு, ராஜீவ் காந்தி பேர்ல 1993ல தொடங்கின இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், 2012ல பார்லிமென்ட் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கினாங்க. உங்க ஊர்ல இருந்து ஒரு ராத்திரி பஸ். அங்க முதுகலை படிச்சுட்டு ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு, அப்பவும் ஆசை இருந்தா இங்க வாங்க, கெட்டுப்போகாது. இங்க வர்றதுல கிடைக்கற பெரிய லாபம் நல்ல சூப்பர்விஷன், வாரா வாரம் ஒருத்தர் உக்காந்து உங்க வேலைய பத்தி உங்ககிட்ட கேள்வி கேப்பாங்க, அது ஊர்ல அபூர்வம். அதுக்கு இவ்ளோ காசு தகுமாங்கறத நீங்களும் வீட்லயும்தான் முடிவு பண்ணணும்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டி கோர்ஸ் கோஆர்டினேட்டருக்கு நேரா ஒரு மெயில் போடுங்க, அட்மிஷன் ஆபீஸுக்கு இல்ல. இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்டுக்கு பிளேஸ்மென்ட் நீங்க பாத்துத் தருவீங்களா இல்ல நானே தேடணுமா, மொத்தம் எத்தன மணி நேரம், எந்த செமஸ்டர், போன வருஷம் எந்த மாதிரி இடங்களுக்கு அனுப்பினீங்க, கார் இல்லாதவங்க சமாளிச்சாங்களா, ஏ.சி.டபிள்யூ.ஏ. அங்கீகாரம் எந்த வருஷம் வரைக்கும், என் பி.எஸ்.டபிள்யூ.க்கு எவ்ளோ கிரெடிட். பதில் எழுத்துல வரட்டும், அது வர்ற வரைக்கும் ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க.